செவில் நகரத்து மூன்றாவது தட்டு

1

இந்த வருடத் திவசத்துக்கு முதல் நாள், வேலை முடிந்து வருகிற வழியில் தோர்ண்டன் ஹீத்தில் இறங்கித் தமிழ்க் கடைக்குள் போனேன். வாழையிலை, வாழைக்காய், முருங்கைக்காய், பூசணிக்காயில் ஒரு துண்டு. "அன்ரி, நாளைக்குத் திவசமோ?" என்று கடைக்காரர் கேட்டார். லண்டனில் வாழையிலையும் வாழைக்காயும் சேர்த்து வாங்குகிறவரிடம் கேட்க வேறு கேள்வி இல்லை. கூடவே ஒரு பை கொண்டைக்கடலையும் இரண்டு கட்டுப் பசளிக் கீரையும் எடுத்ததை அவர் கவனிக்கவில்லை. எங்கள் ஆட்கள் திவசத்துக்குக் கடலையையும் கீரையையும் ஒரே சட்டியில் போட்டு நான் பார்த்ததில்லை. நான் போட்டேன். இது என்ன கூத்து என்று அடுத்த நாள் என் மச்சாள் கேட்டார். அவருக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லலாம்.

இந்தக் குறிப்பில் "இவர்" என்று வந்தால் அது என் கணவர். ஆள் போய் இரண்டு வருடமாகியும் பெயர் சொல்ல வாய் பழகவில்லை. லண்டனில் பஸ் ஓட்டினவர். ஒரு பங்குனி மாதக் காலையில் ஷிப்டுக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மச்சாள் இவருடைய மூத்த அக்கா. வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பதால், எங்கள் குடும்பத்தின் திதி, விரதம், நல்ல நேரம் எல்லாம் மச்சாளின் பொறுப்பு. எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, அபி. லீட்ஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். நான் சாப்பிட்டாயோ என்று கேட்பேன், அவள் சாப்பிட்டேன் என்பாள், அதோடு கதை முடிந்துவிடும்.

இவர் போன பிறகு அபி அழவில்லை. செத்த வீட்டுக்கு வந்த சனத்துக்கு எல்லாம் தேத்தண்ணி கொடுத்தாள், கவுன்சிலுக்கும் பென்ஷன்காரருக்கும் போன் பண்ணினாள், அப்பா என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் கதையை மாற்றிவிடுவாள். எனக்கு அதுதான் இவர் போனதை விடப் பயமாக இருந்தது. ஒரு வீட்டில் மூன்று பேராக இருந்து, ஒருவர் போனதும் மற்ற இரண்டு பேரும் அந்நியராகிவிடுவோமோ என்ற பயம்.

அந்தக் காலத்தில் ஒரு போன் கொம்பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு இவருடைய பெயரில் இருந்தது. கணக்குக்குரியவரோடுதான் பேசலாம் என்றாள் அந்தப் பக்கத்துப் பெட்டை. அவர் இறந்துவிட்டார் என்றேன். மிகவும் வருந்துகிறோம் என்றாள். பிறகு மூச்சு விடாமல், அவரோடு பேச எந்த நேரம் வசதி என்று கேட்டாள். அன்று போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது.

2

போன வருடம் அபி திடீரென்று இரண்டு விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரம், நான்கு நாள், அம்மாவும் மகளும். எனக்கு முதலில் வந்த கேள்வி, அங்கே எங்கட ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்பதுதான். எங்கள் ஆட்களுக்குச் சுற்றுலா என்றால் பாரிஸில் சித்தப்பா வீடு, டொரோண்டோவில் பெரியம்மா வீடு, சுவிஸில் ஒரு கலியாண வீடு. கோபுரத்தையும் ஏரியையும் போகிற வழியில் காரில் இருந்து பார்ப்போம். ஒருவரையும் தெரியாத ஊருக்கு ஒருவரும் போவதில்லை. "ஒருத்தரும் இல்லை அம்மா, அதுதான் போறம்" என்றாள் அபி.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அம்மா, அப்பா, மாமி மட்டும்தான் அவளுடைய சொந்தத் தமிழ். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு ஸ்பானிஷ் படிக்கப் போனவள். அதுக்கு நான் வீட்டில் போட்ட சண்டை தெருமுழுக்கக் கேட்டது. இவர்தான், "விடும், பிள்ளை விரும்பினதைப் படிக்கட்டும்" என்று அவளுக்காக வழக்காடினவர்.

புறப்படுகிற அன்று அபி என் பெட்டியைத் திறந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்து வைத்தாள். அரிசி, பருப்பு, கருவாட்டுப் பொரியல் போத்தல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருபது வருடமாக நான் ரைஸ் குக்கர் இல்லாமல் கடல் தாண்டியதில்லை. நடுவீதியில் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு, கழற்ற இப்போது கழுத்தில் தாலியே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. காரில் ஏறினேன்.

செவில் போய் இறங்கியபோது ஊரே பூத்திருந்தது. வீதி வீதியாகத் தோடை, அதாவது ஆரஞ்சு மரங்கள், எல்லாவற்றிலும் வெள்ளைப் பூ. அந்த மணம் காற்றில் வருவதில்லை. காற்றே அதுவாகத்தான் இருக்கிறது. ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் மணம் கூடும், இன்னொன்றில் குறையும், ஆனால் விட்டுப் போகாது. நான் லண்டனில் நடப்பது பஸ்ஸைப் பிடிக்க. அங்கே ஒன்றையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைச் சுவர்கள், சுவரில் தொங்குகிற பூச்சாடிகள், எங்கோ உள்ளுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். எனக்கு முன்னால் நடந்த அபியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தோளை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நடந்தாள். இவரும் அப்படித்தான் நடப்பார்.

3

இரண்டாம் நாள் பின்னேரம், ஆற்றங்கரையில் இருந்தபோது மச்சாள் லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"நீர் எங்க நிக்கிறீர்? பின்னால என்ன, ஆரோ பாடுற சத்தம் கேக்குது?"

"ஸ்பெயினில மச்சாள். அபியோட வந்தனான்."

"ஸ்பெயினோ? நாளைக்கெல்லோ தம்பியின்ர ஆட்டைத் திவசம்!"

இவர் போன ஆங்கிலத் தேதிக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. அபி அந்தத் தேதியைப் பார்த்து, அதற்கு முதலே லண்டன் திரும்புகிற மாதிரித்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். நானும் அந்தத் தேதியைத்தான் நம்பியிருந்தேன். செத்தவர்களுக்கு ஆங்கில மாதம் கணக்கில்லை, திதிதான் கணக்கு, அது நிலவோடு சேர்ந்து முன்னே பின்னே ஓடும் என்பதைக் குழந்தையிலிருந்து தெரிந்த நானே மறந்துபோனேன். அதுவும் முதலாவது வருடத் திவசம், ஆட்டைத் திவசம். அதைத் தவறவிடுகிற பெண்சாதியைப் பற்றி எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மச்சாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "சரி, நடந்தது நடந்துபோச்சு. கோயிலில ஐயரைப் பிடிச்சு நான் செய்விக்கிறன். ஆனா படையல் நீர்தான் வைக்கவேணும். எங்க நிண்டாலும் பரவாயில்லை. சைவமாப் படையும், தம்பிக்குப் பிடிச்சதாப் படையும். காகம் எடுத்தாப் பிறகுதான் நீங்கள் ரெண்டு பேரும் வாயில ஏதும் வைக்கலாம். மத்தியானம் தாண்ட விடாதையும்" என்றார்.

அறையில் அடுப்பு இல்லை. ரைஸ் குக்கர் லண்டனில் குசினி மேசையில் கிடந்தது. முதல் நாள் சாப்பிடப் போன கடையில், கூரை முழுக்க ஹாம் என்கிற பன்றித் தொடைகளைக் கட்டித் தூக்கியிருந்தார்கள். இந்த ஊரில் போய் இவருக்குச் சைவப் படையலுக்கு நான் எங்கே போவேன்? வருடத்தில் ஒரு நாள் வீட்டைத் தேடி வருகிற மனிதர், வீடு பூட்டிக் கிடக்கிறதைப் பார்த்துப் பசியோடு திரும்பிப் போவாரே. அபியிடம் சொன்னேன். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையை மாற்றப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் கடை பிடிச்சுத் தாறன்" என்றாள். அதைத் தட்டுத்தடுமாறித் தமிழில்தான் சொன்னாள்.

4

அடுத்த நாள் முழுகிவிட்டு வெறும் வயிற்றோடு வெளிக்கிட்டோம். தேவாலயத்தைச் சுற்றியிருந்த வீதியில் நிறையக் கடைகள். ஒவ்வொரு வாசலிலும் சாப்பாட்டின் படம் போட்ட பலகை. பக்கத்தில் ஒரு ஆள் நின்று வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார். நான் ஒன்றுக்குள் நுழையப் போனேன். அபி கையைப் பிடித்து இழுத்தாள்.

"படம் போட்ட கடையும் வேண்டாம், கூப்பிடுற கடையும் வேண்டாம். நல்ல கடைக்காரருக்கு வாசலில நிக்க நேரம் இருக்காது."

"இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

அவள் பாலத்தைத் தாண்டி ஆற்றின் மற்றப் பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே உல்லாசப் பயணிகள் குறைவு. பலசரக்குக் கடை, சலூன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நின்று கதைக்கிற தாய்மார். ஒரு ஒழுங்கையில் தண்ணீர்க்குழாய் திருத்துகிறவர்களின் வான் வண்டி இரண்டு நின்றது. அவை எந்தக் கடை வாசலில் நிற்கின்றன என்று அபி எட்டிப் பார்த்தாள். அந்தக் கடையில் கறியில் பன்றி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றார் கடைக்காரர். சுவைக்குக் கொஞ்சம் ஹாம் மட்டும்தான் என்றார். அடுத்த கடையில் பட்டாணியிலும் ஹாம். அதற்கடுத்த கடையில் சூப்புக்கு மேல் ஹாமைத் தூவியிருந்தார்கள். அந்த ஊரில் ஹாம் இறைச்சியில் சேர்த்தி இல்லைப் போல. கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் போடுகிறார்கள்.

பன்னிரண்டு மணி அடித்தது. அதைவிடப் பெரிய இடி, சைவம் கிடைக்கக்கூடிய கடைகள் ஒன்றிலும் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. ஸ்பெயின்காரர் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு மணிக்குப் பிறகுதான் சாப்பிடுகிறார்கள். ஒரு மரத்தின் கீழிருந்த வாங்கில் தொப்பென்று இருந்தேன். பசி ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நேரம் தப்பிப்போச்சே என்றேன்.

அபி பக்கத்தில் வந்து இருந்தாள். "அம்மா, அப்பா எண்டைக்காவது பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டவரே?"

யோசித்துப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து, பஸ்ஸைக் கராஜில் விட்டு, இவர் வாயில் சோறு வைக்கும்போது மூன்று மணியாகும். இவர் மத்தியானத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை. இந்த ஊர் இவருடைய நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு வருடத்துக்குப் பிறகு அபி அப்பா என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவளாகவே சொன்னாள். சனிக்கிழமைகளில் இவர் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார் அல்லவா, அதற்கு முதல் இரண்டு பேரும் எங்காவது ஒரு சின்னக் கடையில் புகுந்து சாப்பிடுவார்களாம். ஸ்ட்ரெதமில் ஒரு துருக்கிக் கடை, கராஜுக்குப் பின்னால் பீன்ஸும் முட்டையும் போடுகிற கடை, எத்தியோப்பியர் ஒருவரின் கடை. இவருக்குக் கடை பார்க்கிற ஒரு முறை இருந்ததாம். வாசலில் என்ன வான் நிற்கிறது, சமைக்கிறவர் அதையே சாப்பிடுகிறாரா, இதெல்லாம் பார்ப்பாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதான ஆட்கள் தனியாக வந்து சாப்பிடுகிற கடையைப் பார்த்தால் ஒன்றும் யோசிக்காமல் உள்ளே போய்விடலாமாம். தனியாக வருகிறவருக்குச் சாப்பாடுதான் துணை, அது நல்லாயில்லாவிட்டால் அவர் நாளைக்கு வரமாட்டார் என்று சொல்வாராம். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்வாராம்.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருடம் விடியவெள்ளன எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்தவள் நான். இந்த மனிதர் துருக்கிக் கடையில் தின்றுவிட்டு வந்து என் சோற்றையும் மிச்சம் விடாமல் தின்றிருக்கிறார். செத்துப்போனவரோடு சண்டை பிடிக்க ஏலாது என்பதுதான் பெரிய கரைச்சல். பிறகு, அந்தச் சனிக்கிழமைகளில் என் பிள்ளையும் இவரும் ஒரு சின்ன மேசையில் எதிரெதிரே இருந்து தின்பதை நினைத்துப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப அந்த முறையாலேயே தேடு" என்றேன்.

5

இரண்டு மணி தாண்டிக் கண்டுபிடித்த அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கூட இல்லை. ஒரு தோடை மரம், அதன் கீழ் வெளியே நான்கு மேசை. உள்ளே ஒரு கிழவர் தனியாக இருந்து, கரண்டியால் எதையோ அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் ஒரு வயதான பெண், அவரும் தனி. பாணைப் பிய்த்துத் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். அபி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

கடைக்கார அம்மாவுக்கு என் வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி தலைக்கு மேல் இருந்தது. அபி விசாரித்தாள். கடலையும் கீரையும் போட்ட கறி இருக்கிறது, ஹாம் இல்லை. கத்தரிக்காய்ப் பொரியல், மேலே தேன்பாணி விட்டது, ஹாம் இல்லை. பாலில் அவித்த சோறு, கறுவாத்தூள் தூவினது. எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். அபி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.

மூன்று தட்டு, மூன்று கரண்டி, மூன்று கிளாஸ் வந்தன. கறிச்சட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் சின்னச்சீரகமும் உள்ளியும் மணத்தது. கண்ணை மூடினால் என்னுடைய குசினிதான். மூன்றாவது தட்டில் கறியும் கத்தரிக்காயும் பாற்சோறும் ஒரு துண்டுப் பாணும் வைத்தேன். கிளாஸில் தண்ணீர் வார்த்தேன். விளக்கில்லை, சாம்பிராணி இல்லை. தோடம்பூ மணம் இருந்தது. கையைக் கூப்பி, வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ என்று மனதுக்குள் சொன்னேன். அபியும் கையைக் கூப்பினாள். பிறகு காகத்துக்காகக் காத்திருந்தோம்.

காகம் எங்கே? புறா கூட இல்லை. கடைக்கார அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்கள் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தால் யாருக்கும் யோசனை வரும்தானே. கிட்ட வந்து வெறுங் கதிரையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அவர் வாறாரோ எண்டு கேக்கிறா" என்றாள் அபி. "ஓம், வந்துகொண்டிருக்கிறார் எண்டு சொன்னனான்."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு குழித்தட்டைக் கொண்டுவந்து இவருடைய தட்டுக்கு மேல் கவிழ்த்து மூடினார். ஆறிப்போகுமாம். அவர் போனதும் நான் அதை எடுத்துவிட்டேன்; மூடியிருந்தால் பறவை எப்படி எடுக்கும்? திரும்பி வந்து பார்த்தவர், விளங்காத பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரிக் கையால் சூடு, சூடு என்று காட்டிவிட்டு மறுபடி மூடினார். நான் மறுபடி எடுத்தேன். லண்டனில் இவரோடு பேச எந்த நேரம் வசதி என்று கேட்டவர்களை நினைத்தேன். அவர்களுக்கு இவருடைய பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் தெரியும். இந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, இவருடைய சோறு ஆறக்கூடாது என்பதைத் தவிர.

அப்போதுதான் அது வந்தது. மரத்திலிருந்து ஒரு சிட்டுக்குருவி. கதிரைச் சட்டத்தில் இருந்து பார்த்தது. மேசையில் குதித்தது. தலையை ஒரு பக்கம் சரித்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இவருடைய தட்டின் விளிம்பில் ஏறிப் பாணைக் கொத்தியது. உள்ளேயிருந்து இதைக் கண்ட கடைக்கார அம்மா, துணியை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, கலைக்காதேங்கோ! சாப்பிடட்டும், விடுங்கோ!"

தமிழில் கத்தி, எழும்பி அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். அவர் திகைத்து நின்றார். அபி எழும்பி ஏதோ சொன்னாள், மூன்று நான்கு சொல்தான். சொல்லி முடிக்கவில்லை, உடைந்துபோனாள். ஒரு வருடமாக உள்ளே வைத்திருந்ததெல்லாம் அந்த மரத்தின் கீழ் வந்தது. சின்னப் பிள்ளையில் அழுகிற மாதிரி, வாயைத் திறந்து, மூக்கால் ஒழுக அழுதாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா துணியை மடித்துத் தோளில் போட்டார். குருவி பறந்துவிடாமல் மெல்லப் பின்னால் நடந்து போய், இன்னொரு துண்டுப் பாணை நுள்ளிக்கொண்டு வந்து, இவருடைய தட்டில் வைத்தார்.

என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "அது என்ர அப்பா எண்டு சொன்னனான்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். இரண்டு பேரும் இவரைப் பற்றியே கதைத்தபடி, கறிச்சட்டியைப் பாணால் வழித்து வழித்துச் சாப்பிட்டோம்.

6

இந்த வருடம் திதி தப்பவில்லை. அபி முதல் நாளே லீட்ஸிலிருந்து வந்துவிட்டாள். இப்போது அவள் போன் எடுத்தால் லேசில் வைப்பதில்லை. எந்த ஊரில் என்ன கடை பிடித்தாள், உள்ளே யார் தனியாக இருந்து சாப்பிட்டார்கள் என்று அரை மணித்தியாலம் சொல்லுவாள். தோர்ண்டன் ஹீத் வீட்டில் வாழையிலை போட்டு, விளக்குக் கொளுத்தி, எல்லாம் முறைப்படிதான். காகங்களுக்கு லண்டனில் குறைவில்லை. கராஜ் கூரையில் அவை காலையிலிருந்தே காத்திருந்தன.

மச்சாள் இலையில் பரிமாறிக்கொண்டு வந்தார். வாழைக்காய், பூசணி, பருப்பு, முருங்கைக்காய். கடைசிச் சட்டியின் மூடியைத் திறந்தவர் கரண்டியோடு நின்றார்.

"இதென்ன, கடலையையும் கீரையையும் ஒண்டாப் போட்டு? ஆரின்ர சமையல் இது?"

"இவருக்குப் பிடிச்சது மச்சாள்."

"எனக்குத் தெரியாமல் தம்பிக்குப் பிடிச்ச கறியோ? எங்கட வீட்டில ஒருநாளும் இப்பிடிச் சமைச்சதில்லை. தம்பி இதை எப்ப சாப்பிட்டவன்?"

அபி என்னைப் பார்த்தாள். நான் சட்டியை வாங்கி, இலையின் நடுவில் ஒரு கரண்டி வைத்தேன்.

"போன வருசம்" என்றேன்.